ஆளுக்கொரு ஸ்பீக்கர்

என்னிடம் இப்போது இருக்கிற பாட்டுப் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற என் சின்ன மகன் கொண்டுவந்து கொடுத்தது. கொஞ்சம் சத்தமாக வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து மேசைமேல் தானாக நகரும். கீழே விழுந்துவிடுமே என்று அதற்கு முன்னால் ஒரு சீப்பைத் தடுப்பாக வைத்திருக்கிறேன்.

"இந்தக் காலத்துல எவன்பா அவ்ளோ பெரிய பொட்டிய வெச்சிக்கிட்டு மாரடிக்கிறான்? எல்லாப் பாட்டும் இதுக்குள்ளயே வந்துடும்" என்றான்.

வயதானவர்களிடம் எல்லாரும் குறைக்கத்தான் சொல்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பேச்சைக் குறைக்கும்படி மருமகள்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் பேச ஆரம்பித்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். கடைசியில் பாட்டையும் குறைத்தாயிற்று. குறைந்ததுகூடப் பரவாயில்லை. குறைந்த விதம்தான் தொண்டையில் சிக்கிய முள்ளாக இன்னும் உறுத்துகிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்ட கையோடு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்குள் போனேன். தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன். சூளையிலிருந்து இறக்கிய உருப்படிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை. நல்ல உருப்படி கணீரென்னும். விரிசல் விட்டது பொத்தென்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். அந்த வேலையால் வந்ததோ, பிறவியிலேயே வந்ததோ, எதைக் கேட்டாலும் எங்கே விரிசல் என்றுதான் என் காது தேடும். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பஸ்ஸும் ஏறிவிட்டு, கடைவீதி தாண்டுவதற்குள் இறங்கி ஓடிவந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், அந்தச் சிரிப்பையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவனுக்கும் பயமில்லாத இடம் ஒன்று இருந்தது. எங்கள் கூடத்தின் நடுவில் போட்டிருந்த மர நாற்காலி. அதற்கு எதிரே, சுவரோரம், இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, வலது பக்கம் ஒன்று. இடுப்பு உயரம் இருக்கும். சேத்தியாத்தோப்பு ஆசாரி ஒருவர் செய்து, பஸ் கூரையில் ஏற்றி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் ஆம்ப்ளிஃபயர். கடைவீதி ரேடியோ மெக்கானிக் ஒருவர் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தது. முதலில் கேசட் டெக், பிறகு சிடி, கடைசியில் ஃபோனிலிருந்து ஒரு ஒயர் என்று பாட்டு வருகிற வழிதான் மாறியது. பெட்டிகள் மாறவில்லை.

கரையான் ஏறுமோ, கூடம் துடைக்கிற தண்ணீர் ஏறுமோ என்று பெட்டிக்கு நான்காகப் பீங்கான் கட்டை வைத்திருந்தேன். ஃபியூஸ் மாட்டுகிற தடித்த கட்டைகள். எங்கள் கம்பெனியில் மேலே ஒரு புள்ளி, ஒரு கறை என்று கழித்துப் போட்டவை. நான்கு ஒரு சூளையில் வெந்தது, நான்கு வேறொரு சூளையில். வேகும்போது பீங்கான் சுருங்கும். எல்லாச் சூளையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. வலது பெட்டியின் கட்டைகள் ஒரு நூல் குட்டை. அதற்கு அட்டை வெட்டி வைத்து இரண்டு பெட்டியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.

"சாமி மாடத்துக்குக்கூட இவ்ளோ பந்தோபஸ்து கெடையாது" என்பாள் என் மனைவி, தரை துடைக்கிற துணியைப் பிழிந்தபடி.

ஆனாலும் சாயங்காலத்தில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டு வலது பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பழைய ஜோடிப் பாட்டுகளில் பெண் இடது பெட்டியில் கேட்பாள், ஆண் வலது பெட்டியில் பதில் சொல்வான். தபேலா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் பாடுகிறவர்கள் எதிரெதிரே நின்று பாடுவதும் நான் நடுவில் இருப்பதும் தெரியும். "ஒங்காளு என்ன சொல்றான்?" என்று கேட்பேன். "எல்லா ஆம்பளயும் சொல்றதத்தான் சொல்றான். கல்யாணத்துக்கு முன்னாடி பாடுறான், நல்லா இருக்குது" என்பாள். தட்டிப் பார்க்கத் தோன்றாத ஒரே சத்தம் எனக்கு அதுதான்.

மூத்தவனுக்குக் கல்யாணமாகி, சின்னவனுக்கும் கல்யாணமாகி, ஒரே அடுப்பில் இரண்டு மருமகள்களும் பாத்திரத்தால் பேசிக்கொள்கிற காலம் வந்தது. கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்குவது என்று முடிவானது. பெரியவனுக்கு இடது பக்கம், சின்னவனுக்கு வலது பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இருந்த சாமான் அறை. பேசி முடிக்க வேப்பூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார்.

வீடு பிரிப்பதில் தகராறு இல்லை. சாமான் பிரிப்பதில்தான் எனக்குப் பயம். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு தண்ணீர் மோட்டாருக்காகப் பேச்சை விட்டவர்கள். பெற்ற அம்மா செத்தபோது ஆளுக்கொரு பந்தல் போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எந்தப் பந்தலில் உட்காருவது என்று தெரியாமல் ரோட்டில் நின்றார்கள். அந்தக் காட்சி எனக்குள் எப்போதும் உண்டு. அந்தப் பந்தல்களுக்கு நடுவில் கிடப்பது நானாக இருக்கும்.

அதனால் ஃபிரிட்ஜ் யாருக்கு, பீரோ யாருக்கு என்று பேச்சு சூடேறத் தொடங்கியதும் நான் முந்திக்கொண்டேன்.

"இந்தா பாருங்கப்பா. சொவுரு எங்க வருதோ வரட்டும். அந்தப் பக்கம் கெடக்கிறது அந்தப் பக்கத்துக்கு. இந்தப் பக்கம் கெடக்கிறது இந்தப் பக்கத்துக்கு. ஒரு துரும்பக்கூட யாரும் இப்பிடி அப்பிடி நவுத்தக் கூடாது. நடுவுல எது கெடக்குதோ அது எங்களுக்கு."

மச்சான் தொடையில் தட்டினார். "மாப்ள, இது பேச்சு! படிச்சவன்கூட இப்பிடித் தீர்ப்பு சொல்ல மாட்டான்."

பிள்ளைகளும் சரி என்றார்கள். நான்கு பேர் நடுவில் நான் சொன்னதை நான்கு பேரும் ஒத்துக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு அன்றைக்குக் காப்பி நன்றாக இருந்தது. என் மனைவி மட்டும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தையே பார்த்தபடி நின்றாள். மச்சானைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கேட்டாள்.

"ஒங்க பொட்டி ரெண்டும் எங்க கெடக்குது?"

கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஆம்ப்ளிஃபயர் மட்டும் சுவர் வரப்போகிற இடத்தில்.

மறுநாள் பெரியவனிடம் போனேன். அவன் நெய்வேலியில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொட்டி ரெண்டையும் பின்னாடி ரூமுக்கு எடுத்துக்கிறோம்பா."

"தாராளமா எடுத்துக்கங்கப்பா. எனக்கு எதுக்கு அது? எடத்த அடைச்சிக்கிட்டு." இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான். "அவன் குடுத்துட்டானா?"

"இன்னும் கேக்கல."

"அவன் குடுக்கட்டும். நான் மொதல்ல குடுத்துட்டு இளிச்சவாயன் ஆவணுமா?"

சின்னவனும் பெட்டி வேண்டாம் என்றுதான் சொன்னான். "ஆனா அவரு மொதல்ல குடுக்கட்டும்பா" என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"மாமா, துரும்பக்கூட நவுத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கு பொட்டி நவுந்தா நாளைக்கு அவங்க வந்து பீரோவ நவுத்தச் சொல்லுவாங்க. பீரோ எங்க பக்கம் கெடக்குது இல்ல, அவங்களுக்கு அதுல கண்ணு."

ஆக, இரண்டு பேருக்கும் வேண்டாத பெட்டிகள், ஒரு பீரோவுக்குக் காவல் நின்றன. நான் போட்ட சட்டம். எனக்கே பூட்டிக்கொண்டது.

"ரெண்டும் வந்தாலும் அந்த ரூமுல எங்க வெப்பீங்க? கட்டில் போட்டா கால் வெக்க எடம் இல்ல. நாம ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே தூங்கணும்" என்றாள் மனைவி.

"தலமாட்டுல ஒண்ணு, காலுமாட்டுல ஒண்ணு வெச்சிக்கலாம்."

"வெச்சி, நடுவுல படுங்க. மால ஒண்ணுதான் பாக்கி."

கொத்தனார் வந்தார். கூடத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார். அது என் நாற்காலியின் கால்களுக்கு நடுவே போனது. நாற்காலியை நானே தூக்கிப் பின்னறை வாசலில் போட்டேன். அந்த வாசல் பெரியவன் பக்கம்தான் திறக்கும். ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்து, இரண்டு பெட்டிக்கும் நீள ஒயர் இழுத்தேன். பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், பாட்டு மட்டும் எனக்கு வரட்டும் என்று ஒரு கணக்கு.

அந்த வாரம் முழுக்க, கொத்தனார் கை கழுவிவிட்டுப் போனதும் பாட்டுப் போட்டேன். சுவர் முழங்கால் உயரம் இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்கு வந்ததும் வலது பக்கத்து வயலின் கொஞ்சம் எட்டிப் போனது. மார்புக்கு வந்ததும் ஆண் குரல் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து பேசியது. தலைக்குமேல் வந்ததும் சொற்கள் போய்விட்டன. பரண்மேல் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் இறங்கி வந்தது. ரசமட்டத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கொத்தனார் இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, சொவுருக்குப் பாட்டு போட்டு வளக்கிறீங்களா?"

"கொத்தனாரே, மேல ஒரு வரி ஜாலி வெச்சிடுங்க. ஓட்ட போட்ட கல்லு. காத்து வரணும் இல்ல?"

"காத்துக்கா, பாட்டுக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். காற்று என்றதும் பிள்ளைகளும் மறுக்கவில்லை. உத்திரத்துக்குக் கீழே ஒரு வரிசை ஜாலிக் கல் வந்தது. வலது பெட்டிக்கான ஒயர் சுவரில் ஏறி, அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. பின்னறை வாசலில் உட்கார்ந்தால், பெண் எதிரே பாடுவாள். ஆண் மேலேயிருந்து பதில் சொல்வான். பழைய மாதிரி வராது. ஆனால் வந்தது. என் மனைவியும் கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்தாள். "ஒங்காளு மாடி வூடு கட்டிட்டான்போல" என்றேன். வெகுநாள் கழித்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தட்டிப் பார்க்கவில்லை.

ஓட்டை பாட்டை மட்டும் விடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

ஒரு நாள் பெரியவன் பின்னறைக்குள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். எங்கள் அறைக்குள் அவன் வந்து உட்காருவதே அபூர்வம்.

"அப்பா, ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். அந்தப் பக்கம் பேசுறது காதுல வுழுவுது. ஒங்க ரெண்டு பேரையும் இன்னும் எத்தினி வருசம் பாக்கிறதுன்னு கேக்குறாங்க. ராத்திரி சோறு அவன் முறைதான? அதுக்கே இந்தப் பேச்சு."

இரண்டு நாள் போயிருக்கும். சின்னவன் கடைக்கு வரச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணி ஃபோனுல பேசுறாங்கப்பா, அவங்க அம்மாகிட்ட. கெழவன் கெழவி ரெண்டும் எங்க பக்கமே வாசல வெச்சிக்கிட்டு நிக்கிதுங்கன்னு. ஜாலி வழியா தெள்ளத் தெளிவா கேக்குது. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் சொல்றேன்."

டீ பாதியிலேயே நின்றுவிட்டது. யார் பொய் சொல்கிறார்கள் என்று இரண்டையும் தட்டிப் பார்த்தேன். இரண்டும் கணீரென்றுதான் இருந்தன. அடுத்தவன் வீட்டில் சொன்னதைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. தன் வீட்டில் சொன்னதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் வீட்டுக்கு நடந்தேன். ஆனால் வயிற்றில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குக் காது இல்லியா? அதுங்க பேசுறது நம்ம காதுல வுழக் கூடாதுன்னுதான் சொவுரே எழுப்புச்சிங்க. நீங்க அதுல ஓட்ட போட்டீங்க."

அதன்பிறகு வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேசுவது தெரிகிற மாதிரி பேசினார்கள். நான் பாட்டுப் போட்டால், நாங்கள் பேசுவதை மறைக்கப் போடுகிறேனா, அடுத்த பக்கத்துக்கு ஏதாவது சாடை காட்டுகிறேனா என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டதாக எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றுவதை நம்ப முடியாது என்று என் மனைவி சொல்வாள். ஆனால் பாட்டைக் குறைத்துத்தான் வைத்தேன்.

மச்சானின் பேரப்பிள்ளைக்கு வேப்பூரில் காதுகுத்து. பிள்ளைகள் இருவரும், மற்றவன் வருவான் என்று சொல்லி, வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய், ஒரு ராத்திரி தங்கினோம். பந்தியில் மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொவுரு எப்பிடி இருக்குது மாப்ள?"

"கெட்டியா இருக்குது மச்சான்."

"நீ சொன்ன தீர்ப்ப நான் இங்க நாலு எடத்துல சொல்லிட்டேன், போ. ரெண்டு பங்காளி வூட்ல அப்பிடியே செஞ்சிட்டாங்க."

இலையில் வைத்த அப்பளம் நமத்துப்போகும்வரை நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் வீட்டுக்குள் நுழைந்ததும் சிமெண்டு வாசனை. நிமிர்ந்து பார்த்தேன். பெரியவன் பக்கத்தில் ஜாலிக் கல் முழுவதும் பூசி அடைத்திருந்தது. ஈரம் காயவில்லை. வலது பெட்டிக்குப் போகிற ஒயர் சிமெண்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டு நின்றது.

"எதுக்குப்பா?" என்றேன்.

"பல்லி வருதுப்பா" என்றான் பெரியவன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிச் சின்னவன் பக்கம் போனேன். அங்கேயும் பூசியிருந்தது. அங்கே வெள்ளை சிமெண்டு. கொஞ்சம் நேர்த்தியாக, கரண்டி வைத்துத் தேய்த்திருந்தது. அந்தப் பக்கமும் ஒயர் ஒரு சாண் வெளியே வந்து, நுனி அறுந்து தொங்கியது.

"பூச்சி வருதுப்பா, புள்ள தூங்குற எடம்" என்றான் சின்னவன். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஏன், அவங்களும் அடைச்சிட்டாங்களா?"

"ம்."

அவன் முகம் சுருங்கியது. "பாத்தீங்களா? நம்மள என்னா நெனைக்கிறாங்க பாருங்க!" என்றான், தன் பக்கத்துச் சிமெண்டுக்குக் கீழே நின்றுகொண்டு. திரும்பி வந்தபோது பெரியவனும் அதையே கேட்டான், அப்படியே கோபித்துக்கொண்டான். சுவர் எழுந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த வேலை அது ஒன்றுதான். ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தார்கள்.

சாயங்காலம் பழக்கத்தில் பாட்டுப் போட்டுவிட்டேன். இடது பெட்டியில் பெண் கேட்டாள். பதில் வரவில்லை. இன்னொரு வரி கேட்டாள். தபேலா மட்டும் தட்டிக்கொண்டு போனது.

"பாவம், அவளாவே கேட்டுக்கிட்டு கெடக்கிறா. நிறுத்துங்க" என்றாள் மனைவி.

நிறுத்தினேன். அந்த வாரம்தான் சின்னவன் இந்த உள்ளங்கைப் பெட்டியைக் கொண்டுவந்தான். தப்பு செய்துவிட்டோம் என்று கொடுத்தானா, அண்ணன் கொடுக்கவில்லை என்று காட்டக் கொடுத்தானா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அதற்கு ஒரு வாய்தான். ஆணும் பெண்ணும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாடுகிறார்கள்; யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று இடம் தெரியவில்லை.

பெரியவன் வீட்டில் என் இடது பெட்டியின்மேல் தண்ணீர் கேன் நிற்கிறது. ஒழுகி ஒழுகி மேல்பலகை உப்பிவிட்டது. சின்னவன் வீட்டில் வலது பெட்டிமேல் துணி மடித்து வைக்கிறார்கள். இரண்டு பேரிடமும் மறுபடியும் பெட்டியைக் கேட்டுப் பார்த்தேன். அதே பதில். அவன் குடுக்கட்டும்.

கடைசியில், "பொட்டிக்குக் கீழ இருக்கிற பீங்கான் கட்டயாவது எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அதை மட்டும் இரண்டு பேரும் உடனே கொடுத்தார்கள். பெரியவன் தானே பெட்டியைச் சாய்த்துப் பிடித்து நான்கையும் உருவிக் கொடுத்தான். அதை யாரும் துரும்பில் சேர்க்கவில்லைபோல.

ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்றால் உயரம் போதவில்லை. கட்டில் காலுக்குக் கட்டை வைத்துத் தூக்குவதற்குத்தான் கேட்டேன். எட்டையும் மடியில் போட்டு ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். எல்லாம் நல்ல கட்டை. ஆம்ப்ளிஃபயரைப் பழைய வேட்டியில் சுற்றி உள்ளே தள்ளினோம். மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் ஆடியது.

"எல்லாம் ஒரே மாதிரி கட்டதான? ஏன் ஆடுது?"

அவள் குனிந்து பார்த்தாள். தலைமாட்டில் ஒரு காலுக்குப் பெரியவன் வீட்டுக் கட்டை, ஒரு காலுக்குச் சின்னவன் வீட்டுக் கட்டை. கால்மாட்டில் மாற்றி அதே மாதிரி. ஒரு நூல் ஏற்றம், ஒரு நூல் இறக்கம். மற்ற நான்கும் மூலையில் கிடந்தன, வீட்டுக்கு இரண்டாக.

"ஒரே வூட்டுக் கட்ட நாலயும் வெச்சா என்ன? யாரு வந்து குனிஞ்சி பாக்கப் போறாங்க?" என்றாள்.

நான் அட்டை வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் தேடினேன். அது சின்னவன் பக்கத்துப் பீரோவில் இருந்தது. போய்க் கேட்கவில்லை.